வெள்ளத்தில் போகாத புத்தகங்கள்

நானா,

நேற்றுப் பெரிய பங்களாவில் கராம்பு வாசனை அடித்தது. துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம். சாமான்களுக்குப் பட்டியல் எழுத, தோட்ட ஒபிஸ் கிளாக்கரான என்னைக் கூப்பிட்டிருந்தார். இத்தனை வருடத்தில் நான் நுழையாத சாப்பாட்டறை. அலுமாரியைத் திறந்தேன். பதினொரு புத்தகங்கள், நாம் அடுக்கிய அதே ஒழுங்கில். பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் அட்டைக்குள் வைத்த கராம்பு கூட அப்படியே இருந்தது. ஒரு தாளிலும் தண்ணீர்க் கறை இல்லை.

நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதம். கேட்க ஆளில்லாததால் எழுதுகிறேன்.

தோட்டம் கம்பனிக்குக் கைமாறிய வருடம், வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய கிளப்பைக் காலி செய்தார்கள். அங்கிருந்த புத்தகங்கள் பழைய தாளாக, கஹவத்தை டவுனில் உங்கள் கடைக்கு மூட்டையில் வந்தன. நீங்கள் நெத்தலி சுற்றித் தந்த தாளில், பனிக்கட்டிக்குள் சிக்கிய ஒரு கப்பலைப் பார்த்தேன். "கிழிக்காதீங்க நானா, கிழிக்காதீங்க!" என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. மூட்டையைக் கொட்டித் தேடினோம். துருவங்களைத் தேடிப் போனவர்களின் பழைய புத்தகங்கள் நான்கு அகப்பட்டன.

அன்றோடு அந்தக் கிறுக்கு உங்களையும் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, நீங்கள் கல்லாவில் கை ஊன்றிக் கேட்பீர்கள். அங்கே மாதக்கணக்கில் சூரியன் மறையாது என்றதும், அந்தித் தொழுகையை நினைத்து உங்களுக்குக் கவலை வந்துவிட்டது. "அப்ப மஹ்ரிப் எப்ப தொழுற, கிளாக்கர்?" பள்ளிவாசல் லெப்பையிடமே போய்க் கேட்டீர்கள். "அங்க போற நேரம் வாங்க, சொல்லித் தாறன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கரவனெல்லையில் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஒருவரிடம், மடித்து ஒட்டிய வரைபடத்தோடு ஒரு புத்தகம் இருந்தது. தர மாட்டேன் என்றார். அடுத்த வாரம் உங்கள் கடைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்து வாங்கினீர்கள். திரும்பும் வழியில் வரைபடத்தை இருவர் மடியிலும் விரித்தோம். நடுவில் வெறும் வெள்ளை. "இவ்வளவு எடத்துக்கும் ஒரு பேரும் இல்லியா?" என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

என் குவார்ட்டர்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் என்று, இப்படிச் சேர்ந்த பதினொன்றையும் உங்கள் கடைப் பின்னறையில் வைத்தோம். பிறகு மனைவியின் சத்திரசிகிச்சைக்காக நான் கொழும்பில் கிடந்த மாதங்கள் வந்தன. திரும்பி வந்தபோது ஆறு பெருகி வடிந்து, டவுன் முழுக்கச் சேறு. கடைவாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள்.

"ஒண்டும் மிஞ்சல்ல, கிளாக்கர். நம்மட புத்தகமெல்லாம் தண்ணியோட போய்ட்டு."

நான்தான் உங்களைத் தேற்றினேன். மூன்று நாள் லீவு போட்டு உங்கள் கடைச் சேற்றை வாளி வாளியாக அள்ளினேன். ஓர் அட்டையாவது தட்டுப்படாதா என்று ஒவ்வொரு வாளியையும் கொட்டுமுன் கைவிட்டுத் துழாவினேன். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நேற்றுத் துரை சொன்னார்: "அது ஒங்க கடைக்கார நானா தந்தது. மகனுக்கு ஒபிஸ்ல வேலை குடுத்த நேரம் கொண்டுவந்தாரு. வேணாம்னேன், கேக்கல. நீங்க வேணும்னா ஒண்ணு எடுத்துக்கங்க."

அந்த வேலை கிடைத்தது வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முந்தி, நான் கொழும்பில் கிடந்தபோது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவற்றைத் தூக்கிக்கொண்டு பங்களா மேடு ஏறியிருப்பேன், நானா. பிள்ளையின் வேலையைவிடப் புத்தகம் பெரிதா? கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. அந்தச் சேற்றைத் துழாவ விட்டீர்களே, அதுதான் நெஞ்சை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நான் ஒன்றும் எடுக்கவில்லை. பதினொரு பெயரையும் என் கையாலேயே பட்டியலில் எழுதினேன். இன்று காலை லொறி போய்விட்டது.

ஒபிஸில் எனக்கு எதிர் மேசைதான் உங்கள் மகனுக்கு. லொறி மறைந்ததும் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், வாப்பாவும் நீங்களும் என்னமோ புத்தகம் சேத்தீங்களாம், உம்மா சொன்னாங்க. அதெல்லாம் இப்ப எங்க?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அது அவன் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"வெள்ளத்துல போயிருச்சு, தம்பி."

உங்கள் பொய்யை இனி நான் சுமக்க வேண்டும். அதை அவனுக்காகச் சொன்னேன், நானா. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.