சர்க்கரை 118

நாள் 203, காலை 7.10
செவ்வாய்க் கோள், மூன்றாம் துளை நிலையம். பதிபவர்: ரெஜினா சேவியர், மண்ணியல். இங்கே நான் ஒருத்திதான். துளைக்கருவி ஓடுகிறது. காற்றழுத்தம் சரி. சர்க்கரை 131.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் உணரி ரத்தச் சர்க்கரையை அளந்து என் திரைக்கும் பூமிக்கும் அனுப்பும். இன்சுலின் போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடைசியில் மயக்கம். வெறும் பயம் வந்தாலும் அதே நடுக்கம், அதே வியர்வை, அதே படபடப்பு. இரண்டுக்கும் ஒரே முகத்தை ஒட்டிவைத்த இந்த உடம்பின் மேல் எனக்கு மரியாதையே இல்லை.

நாள் 203, மாலை 4.25
மூன்று முறை படபடப்பு. மூன்று முறையும் குளுக்கோஸ் ஜெல்லியைப் பிதுக்கி விழுங்கினேன். மாம்பழச் சுவையாம். மாம்பழத்தைக் கண்ணால் பார்க்காத எவனோ செய்தது. பல்லில், கழுத்தில், பொத்தான்களில் எல்லாம் பிசுபிசுப்பு. என் வியர்வை எனக்கே நாறுகிறது. சர்க்கரை 290. மூன்றும் வெறும் பயம்தான்.

பூமியிலிருந்து டாக்டர் சிவசைலத்தின் குரல் வந்தது. வந்துசேரக் கால்மணி நேரம் ஆகும்.

"ரெஜினாம்மா, உடம்பு சொல்றதக் கேக்காதீங்க. நம்பரப் பாருங்க. நம்பர் நல்லா இருந்தா மூச்ச மெதுவா இழுத்து விடுங்க, அவ்வளவுதான். உணரி சரியான்னு சும்மா சும்மா விரலக் குத்தி ரத்தம் பாக்கறதையும் விட்டுடுங்க. சந்தேகப்பட்டுப் பட்டுத்தான் இந்தப் பயமே வளருது."

மூச்சு விடச் சொல்லித்தர ஒரு டாக்டர். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விரல் குத்தும் ஊசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

நாள் 206, காலை 9.00
படபடப்பு வந்தது. திரையில் 142. மூச்சை இழுத்தேன், விட்டேன். போய்விட்டது. ஜெல்லி தொடவில்லை.

அழுதேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்த உடம்பிடம் நான் ஏமாறவில்லை. டாக்டருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன்.

நாள் 209, பகல் 11.45
வெளியே புழுதிப் புயல். துளைக்கருவியை நிறுத்தினேன். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பருப்புக் கூழில் ஒரு நீள முடி. என் முடிதான், வேறு யாருடையதாக இருக்கும்? குமட்டிக்கொண்டு வந்தது. தட்டோடு கழிவில் கொட்டினேன். சர்க்கரை 118. அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நாள் 209, பகல் 12.35
கை நடுங்குகிறது. சர்க்கரை 118. புயல் சத்தத்தில் வந்த பயம். மூச்சு.

நாள் 209, பகல் 1.05
சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. உதடு மரத்திருக்கிறது. சர்க்கரை 118. டாக்டர்: "118, அருமை! நல்லா சமாளிக்கிறீங்க. மூச்சுப் பயிற்சிய விட்டுடாதீங்க."

விடவில்லை. இழுத்து, விட்டு, இழுத்து. இந்த அறையின் காற்றே அழுக்கு. நான் விட்ட மூச்சையே வடிகட்டி எனக்குத் தருகிறார்கள்.

நாள் 209, பகல் 1.20
பயம் இந்தத் தடவை பெரிது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. வெளியே நிற்கும் அதன் பெயர் என்ன, தரையில் ஓட்டை போடுமே, அது. வாயில் வராமல் போகிறது. எல்லாம் அருவருப்பு. விரல்கள் அருவருப்பு. 118. நல்ல நம்பர்.

நாள் 209
டாக்டர் கத்துகிறார். "ரெஜினாம்மா! அந்த நம்பர் ஒரு மணி நேரமா மாறவே இல்ல. உணரி செத்துப்போச்சு. பழைய நம்பரயே திருப்பித் திருப்பி அனுப்புது! ஜெல்லிய எடுங்க. இப்பவே வாயில பிதுக்குங்க. நான் சொன்னது தப்பும்மா, தப்பு. சாப்பிடுங்க, தாயி!"

பாக்கெட் கையில் இருக்கிறது. கிழித்தேன். அந்த மாம்பழ நாற்றம். சீ. தூர எறிந்தேன்.

அவர் குரல் நடுங்குகிறது. வியர்த்திருக்கும். பாவம், பயம்தான், வேறொன்றும் இல்லை. பதில் அனுப்புகிறேன்.

"டாக்டர், ஒண்ணும் ஆகல. நம்பரப் பாருங்க. மூச்ச மெதுவா இழுத்து