சவரிமுத்துவின் சர்க்கரை

நிலவின் தென்முனைத் தளம். நாள் 112, காலை 7.10
வழக்கமான பதிவு. தளத்தில் இருவர்: மருத்துவர் மெய்யம்மை (நான்), பொறியாளர் சவரிமுத்து. அவருக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் உடல் தாங்காது. பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளைப் படித்துக் கற்ற கணினி நிரல் ஒன்று, அவர் கையில் ஒட்டிய உணரியைக் கவனித்து, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று எல்லாம் சீர்.
"ரெண்டு துண்டு மஸ்கோத் அல்வா தின்னேம்னா உங்க மெசினு மயங்கி விழுந்திரும், டாக்டரம்மா" என்கிறார்.

நாள் 113, மாலை 4.30
குளிர்பெட்டி பழுது. இன்சுலின் முழுவதும் உறைந்துவிட்டது. உறைந்ததை நம்பிப் போட முடியாது. அவர் சட்டைப்பையிலிருந்த ஊசிப்பேனாவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். மீட்புக் கலம் வர மூன்று நாள் ஆகும். படுத்தே கிடந்து, சிறுகச் சிறுகப் போட்டுக்கொண்டால் பிழைக்க வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்கிறது நிரல். உணவை மாற்றிக் கேட்டேன். தண்ணீரை மாற்றிக் கேட்டேன். அதைவிட நல்ல எண் கிடைக்கவில்லை.

நாள் 115, பகல் 1.05
வாந்தி. மூச்சில் பழ வாடை; இன்சுலின் போதாததன் அடையாளம். வாய்ப்பு நாற்பத்தொன்று. இப்போது காற்றுச் சுத்திகரிப்பானும் நின்றுவிட்டது. வெளியே போய்த்தான் சரிசெய்ய வேண்டும். எனக்கு அந்த வேலை தெரியாது. அவரால் எழுந்திருக்க முடியாது. நான் போகிறேன். ரேடியோவில் வழி சொல்வார்.

மாலை 5.40
நான் வெளியே சுத்திகரிப்பானின் மூடியைத் திறந்தபோதே நிரல் காதில் எச்சரித்தது: "உடனே இன்சுலின் தேவை." ரேடியோவில் கத்தினேன்.
"போட்டுட்டேன், டாக்டரம்மா. நீங்க அந்தச் செவப்பு வயரப் புடுங்குங்க."
"சத்தியமா?"
"ஆமாங்கேன்ல. உள்ள வந்திராதிய. காத்து இல்லன்னா ரெண்டு பேரும் போயிருவோம்."
பேச்சு குழறியது. பிறகு பேச்சே இல்லை. எப்படியோ விசிறி ஓடத் தொடங்கியது. உள்ளே ஓடினேன். பேனா நான் வைத்த மேசையிலேயே, மூடி கழற்றாமல். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே கிடந்தார். தவழ்ந்து பார்த்திருக்கிறார். எட்டவில்லை.
என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

நேரம் பார்க்கவில்லை
ஊசி போட்டேன். இருந்த உப்புநீரையெல்லாம் ஏற்றினேன். வாய்ப்பு ஆறு என்றது நிரல். பிறகு மூன்று. சவரிமுத்து, மூச்சு விடுங்க. விடுங்க.

நாள் 116
காற்று சுத்தமாக இருக்கிறது. கலம் இறங்கிவிட்டதாம். அவர் கையிலிருந்த உணரியை நானே கழற்றினேன். திரையில் நிரல் கேட்கிறது: "வேறு நோயாளியைச் சேர்க்கவா?"
இல்லை என்று அழுத்தினேன்.
மறுபடி கேட்கிறது.
அழுத்தினேன்.
மறுபடி