பொழுது சாய்வதற்குள் நீ கொடுத்த தண்ணீர்

அன்புள்ள தரணி, பாதி வழியில் என்னை விட்டுவிட்டுப் போனவனே,

உன் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது. உன் மூக்கு, உன் பிடிவாதம். பாலாறு இந்த வருஷமும் வெறும் மணல்தான். ஆனால் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறி வருகிறது. அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க எனக்குக் கை வருவதில்லை.

மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய பைகள் இரண்டு வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, ராஜஸ்தான் பாலைவனத்தை நடந்தே கடக்கப் போகிறோம் என்று கிளம்பினோமே, ஊரே சிரித்ததே. மூன்றாம் நாள் ஒரு குக்கிராமத்தில் தண்ணீர் கேன் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு வந்தது நான்தான். தோள் வலித்தது. "இவ்ளோ மணல் இருக்குதே, தோண்டிக்கலாம்டா" என்றேன். பாலாற்றங்கரையில் வளர்ந்த நீயும் தலையாட்டினாய். மணல் என்றால் அடியில் தண்ணீர் என்பதைத் தவிர நமக்கு வேறென்ன தெரியும்?

வழி தவறிய மறுநாள் நகம் பிய்யத் தோண்டினோம். இடுப்பளவு பள்ளத்திலும் மணல் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மேடு. மிச்சம் இருந்தது அரை டம்ளர். அதை எனக்கு வைத்துக் காத்துக்கொண்டிருந்தாய் என்று அப்போது தெரியவில்லை.

சூரியன் மணலைத் தொட்டதும் கேனை என்னிடம் நீட்டினாய். "எனக்குப் பொழுது சாஞ்சிடுச்சுடா. இனிமே தொடக்கூடாது. நீ குடி."

பொழுது சாய்ந்தால் சூரியன் உதிக்கும்வரை தண்ணீர்கூடத் தொடாத ஜைன வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பஸ் ஸ்டாண்டு கடையில் இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டா தின்றவன் நீ. ஒரு நாளாவது அந்த நியமத்தைக் காத்திருக்கிறாயா? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தேன். விடியும்போது ஒட்டகக்காரர் வந்தார். நீ இல்லை.

உன் சாம்பலோடு வந்து நின்றபோது உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கடைசியில் தண்ணீர் குடித்தானா என்று. குடித்தான் அம்மா, விடியற்காலையில் வயிறார என்றேன். தாகத்தோடு போனான் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அவள் முகம் சுருங்கியதற்குக் காரணம் அப்போது புரியவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து என் தறிக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். நான் தறிக்குழிக்குள் கால் விட்டபடி நெய்வேன். பாவு நூல் பூட்டிய தறியை விட்டு எழுந்து எங்கே ஓடுவது? என்னை மகனே என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்னை இன்னும் ஆழமாக உட்கார வைக்கிறது.

போன வாரம் மெலிந்துபோய் வந்தாள். கேட்டதற்குச் சொன்னாள்: "இருட்டுல குடிச்சிட்டுப் போயிட்டான்ல, அந்தப் பாவம் அவனுக்கு ஒட்டக்கூடாதுப்பா. அதான் மாசத்துல நாலு நாள் பச்சைத் தண்ணிகூடத் தொடாம நோம்பு இருந்துக்கினு இருக்கேன்."

என் கையிலிருந்த, நூல் ஓட்டும் நாடா கீழே விழுந்தது தரணி. ஆறுதல் என்று நினைத்து நான் சொன்ன பொய்க்கு இப்போது அவளும் தாகத்தில் கிடக்கிறாள். நீ நியமத்துக்காக விட்டாயா, எனக்காக விட்டாயா? எதற்காகவோ, நீ பொழுது சாய்ந்தபின் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதை அவளுக்குச் சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

வரும் வெள்ளிக்கிழமை குழியிலிருந்து எழுந்து அவள் எதிரில் உட்காருவேன். கேனை விட்டு வந்தது யார், கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தது யார், எல்லாம் சொல்வேன். அதற்குப்பின் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, முதலில் அவளைத் தண்ணீர் குடிக்க வைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

வெள்ளிக்கிழமை வரைக்குமாவது உன் அம்மாவுக்கு மகனாக, உனக்குத் தம்பியாக இருக்கும்,
கன்னியப்பன்