ஓசாங் வெயிலில் வைத்த செடி

சிபுலான்,
அக்டோபர் 12

அன்பு மகள் மரிவிக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் சிற்றாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறாள். அவள் முழங்கால் வலி மழை நின்றதும் குறைந்திருக்கிறது. உன் அண்ணன் ரெனானின் குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது. டவாவிலிருந்து படம் அனுப்பியிருந்தான், உன்னைப் போலவே முறைக்கிறது. முகம் பார்த்துப் பேசப் போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூன்று ஞாயிறு முயன்றேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜொவெலின் விடுமுறை முடிந்து புதன்கிழமை உங்கள் கால்வே ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுக்கிறேன். கருவாடும் உலர்ந்த மாம்பழமும் தனிப் பொட்டலம். கருவாட்டை அறைக்குள் வறுக்காதே, போன முறை பக்கத்து அறைக்காரி புகை என்று ஆட்களைக் கூப்பிட்டது நினைவிருக்கட்டும்.

உன் மாயானாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அங்கே பூக்கடையில் கோலியஸ் என்று சீட்டு குத்தி விற்கிறார்கள் என்று சொன்னாயே, அதே செடி. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் யார் வீட்டு வேலியிலோ கிள்ளிக்கொண்டு வந்தாய். கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, கிள்ளினால்தான் பிடிக்கும் என்று எனக்கே பாடம் சொன்னாய். பிடித்தது. அதன் கிளை, அந்தக் கிளையின் கிளை என்று பதினொரு வருஷம் கிணற்றடி நிழலில் நின்றது. கறுப்போடு சேர்ந்த சிவப்பு, ஓரத்தில் பச்சைக் கரை. நீ போன பிறகு ஒவ்வொரு முறையும் அதைக் காட்டச் சொல்வாய், நான் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடப்பேன். மே மாதம் ரெனான் மனைவியின் பிரசவத்துக்கு நாங்கள் டவாவ் கிளம்பியபோது தொட்டியை எதிர்வீட்டில் ஓசாங்கிடம் கொடுத்துவிட்டுப் போனோம். உன் ஞானத்தாய், உன் நினாங். ஞானஸ்நானத்தன்று உன்னை ஏந்தி நின்றவள், சந்தையில் விற்ற மீனின் வாடை போக அன்று மூன்று முறை கை கழுவினாள் என்று அம்மா இன்னும் சொல்வாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் பாரே, எனக்கு அவள் மாரே. நீ நினாங் நினாங் என்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றியிருக்கிறாய்.

ஜூலையில் திரும்பி வந்தோம். அவள் வீட்டு மதிலின் மேல், நட்ட நடு வெயிலில், ஒரு செடி. செங்கல் நிறம், மஞ்சள் கரை. இலை சிறுத்துத் தடித்திருந்தது, தண்டு கட்டைவிரல் போல. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நிழல்ல தண்டு அழுக ஆரம்பிச்சிருச்சு பாரே, இந்த வருஷ மழை விட்டாத்தானே. வெயிலுக்கு மாத்துனேன், பொழைச்சுக்கிச்சு," என்றாள். நான் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். தெருவைக் கடப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். செடி செத்துவிட்டது. சந்தையில் வேறொன்றை வாங்கி அதே தொட்டியில் வைத்திருக்கிறாள். அம்மாவிடம் அப்படிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு உன்னிடமும் சொன்னேன். சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நடந்ததை நேரில் பார்த்தவன் போலச் சொன்னேன். நீ அழுதாய். அது எனக்கு வசதியாக இருந்தது. என் கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அதோடு விட்டிருந்தால் நம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஜூலைக் கடைசியில் சான் ரோக்கே திருவிழாவுக்காகத் தெருக்கூட்டம். சிற்றாலயத்தின் முன்னால் மாயானா நடுவது என்று முடிவாகி, படிக்கட்டுப் பக்கம் வெயிலில் நடுவதா, மாமரத்தடி நிழலில் நடுவதா என்று பேச்சு போனது. நான் நிழல் என்றேன். ஓசாங் காப்பியை ஊதிக்கொண்டே, "காலை வெயில் படணும் பாரே, நிழல்ல நீட்டிக்கிட்டுச் சாயும், இந்த மழைக்கு அழுகும்," என்றாள். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ யாரிடமிருந்தோ பாதியாகக் கேட்க வேண்டாம். "மாரே, மூணாம் வகுப்போட நின்னவங்க இலைப்பாடம் எடுக்க வேண்டாம். செத்த செடிக்குப் பதிலா சந்தையில ஒண்ணு வாங்கி வெச்சுட்டு, வெயில் மாத்திருச்சுன்னு எங்ககிட்ட கதை விட்டீங்க. இப்ப கோவிலுக்கும் அதே கதையா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கூட்டம் என் பேச்சுக்குச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "அதே செடிதான் பாரே," என்றாள். சத்தம் போடவில்லை. கோப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பாதிக் காப்பி இருந்தது. இலை ஏன் பச்சை என்று இருபத்தாறு வருஷம் ஐந்தாம் வகுப்பில் எழுதிப் போட்டவன் நான். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளே சந்தையில் தொடங்கியது. மீன்காரிக்கு இருப்பது அவள் பேர் மட்டும்தான், அதை நான் யோசிக்கவில்லை. "ஓசாங், தராசுல வெச்ச சூரைதான் பைக்குள்ள போகுதா, இல்ல வெயில் பட்டு மாறிருச்சா?" என்று ஒருவன். முதலில் அவளும் விடவில்லை. "உன் பொண்டாட்டி கட்டிக்கும்போது நீ வேற மாதிரி இருந்தியாம், அவ யார்கிட்டப் போய்க் கேட்டா?" என்று திருப்பிக் கொடுத்தாள். ஒரு வாரம் இப்படி. பிறகு பதில் சொல்வதை விட்டாள். பிறகு சிலர் வாங்கிய மீனைப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள், விளையாட்டுக்குத்தான், அவள் கண்ணெதிரே. திருவிழாவுக்கு அவள் வரவில்லை. நம் வீட்டுப் பக்கம் பார்க்கும் ஜன்னலைச் சாத்தி வைத்தாள்.

எனக்கோ அந்தச் செடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தூக்கி எறியப் போனேன், அம்மா விடவில்லை. "அது என்ன பண்ணுச்சு உன்னை?" என்றாள். குளியலறைக்குப் பின்னால், பலாமரத்தடியில், கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். செப்டம்பர் முதல் வாரம் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டேன், நன்றாக வீங்கியது. அம்மா வழக்கம் போல மாயானா இலையை அரைத்துக் கொண்டுவந்து வைத்துக் கட்டினாள். மீதி இரண்டு இலை அம்மியருகே கிடந்தது. கறுஞ்சிவப்பு. பச்சைக் கரை. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். "நீ ஒளிச்சு வெச்ச செடியிலதான் தியோ." நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். கீழே நான்கைந்து பழைய இலைகள், இன்னும் செங்கல் நிறம். மேலே நிழலில் துளிர்த்தவை எல்லாம் உன்னுடையவை. ஒரே தண்டு.

அன்றைக்கே தெருவைக் கடந்திருக்கலாம். மகளே, இதை எழுதத்தான் மூன்று ஞாயிறு ஆனது. நான் போகவில்லை. ஒரு தடவை பார்த்தது போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே தண்டிலிருந்து இரண்டு கிளை கிள்ளி இரண்டு பால்டப்பாவில் நட்டேன். ஒன்று கோழிக்கூண்டின் மேல் வெயிலில், ஒன்று பலாமரத்தடியில். தேதி எழுதி ஒட்டினேன். நான்கு வாரம். "டப்பாவுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிரு. எதிர்வீட்டுக்கு எத்தனை அடின்னு அளந்து பாத்தியா?" என்று அம்மா கேட்டாள். நான் நோட்டில் நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வெயில் டப்பா வாரத்துக்கு வாரம் வெளுத்து மஞ்சளானது, நிழல் டப்பா கறுத்தது. ஒவ்வொரு நாளும் அது வேறு மாதிரி நடந்துவிடாதா என்று பார்த்தேன். அந்த நான்கு வாரமும் சந்தையில் அவளைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குறித்துக்கொண்டிருந்தேன்.

இம்மாதம் முதல் திங்கள் காலை, அவள் கூடையைத் தலையில் எடுத்து வைக்கும் நேரத்தில், இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அதே செடிதான், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு மாரே என்றேன். முழுக்கக் கேட்டாள். "இதை என்கிட்ட வந்து சொல்லி என்ன பாரே? அதே செடின்னு எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் டப்பாக்களோடு தெருவில் நின்றேன். தனியாக வந்து மன்னிப்புக் கேட்பது பெரிய மனசு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போனேன். ஏழு மணி, நல்ல கூட்டம். அவள் பலகைக்கு முன்னால் நின்று, பக்கத்துக் கடைக்காரி நீதாவுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். குரல் வகுப்பில் வருவதுபோல் வரவில்லை. டப்பாக்களைக் காட்டினேன். "அப்ப சார், மூணாம் வகுப்பு பாஸ், நீங்க பெயிலா?" என்று ஒருவன், என்னிடம் படித்தவன்தான். ஆமாம் என்றேன். ஓசாங் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவே இல்லை. சொல்லி முடித்து நான் நகரப் போனபோதுதான் நிமிர்ந்தாள். "அங்கேயே நில்லுங்க பாரே. மீன் மேல வெயில் விழுது, நீங்க நின்னா நிழலா இருக்கு." நின்றேன். புதிதாக வந்தவர்களெல்லாம் தியோ சார் ஏன் கையில் டப்பாவோடு மீன்கடை முன்னால் நிற்கிறார் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடி சொன்னேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். கானாங்கெளுத்தி தீரும்வரை, பிறகு சூரை தீரும்வரை. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. கடைசியில் அலங்காரமெல்லாம் உதிர்ந்து, "செடி அதேதான், நான்தான் பொய் சொன்னேன்" என்ற அளவுக்கு வந்துவிட்டது. அவள் பலகையைக் கழுவினாள். போகலாம் என்று சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. திறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அன்றுதான் நீதா என்னைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றைச் சொன்னாள். ஆகஸ்டில் நீ ஓசாங்கின் போனுக்கு எழுதியிருக்கிறாய். என்னிடம் நீ சொல்லவில்லை, உன்மேல் குறையில்லை, நான் சொன்னதை நம்பித்தானே எழுதினாய். ஆனால் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். உன் பேரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, மரிவிக் எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லு என்று நீதாவிடம் போனைக் கொடுத்திருக்கிறாள். சுற்றிலும் ஆட்கள். நீதா சத்தமாகவே படித்திருக்கிறாள், நல்ல செய்தி என்று நினைத்து. நீ எழுதியிருந்தது இது: செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேனே, ஏன் பொய் சொன்னீங்க, இனிமே நீங்க எனக்கு நினாங் இல்ல. கடைசி வரியில்தான் நிறுத்தத் தோன்றியதாம், அதற்குள் வாயிலிருந்து போய்விட்டது. ஓசாங் போனை வாங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று அடுத்த ஆளைக் கேட்டாளாம்.

அந்த வார்த்தைகளை நீ எழுதினாய், ஆனால் அவற்றை உன் கையில் வைத்தது நான். அதை அவளிடமும் சொல்லிவிட்டேன், அதனால் உன் பங்கு இல்லாமல் போய்விடாது என்று நினைக்கிறேன். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ. கோபம் என்மேல் வரும், வரட்டும், ஞாயிறு போன் பண்ணாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன். அம்மாவோடு மட்டும் பேசு. நீ ஜன்னலில் ஒரு மாயானா வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். அந்த ஊரில் எவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் கொடு, தண்ணீரைக் குறை. நிறம் மாறினால் செடியைப் பார், விற்றவனைப் பார்க்காதே. இரவுப்பணி முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. குளிருக்கு அம்மா பின்னிய சட்டையையும் ஜொவெலினிடம் கொடுத்திருக்கிறோம், அளவு சரியா என்று எழுது. கடவுளும் சான் ரோக்கேயும் உன் கூடவே இருக்கட்டும், உன் கை தொடும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீ நல்ல உறக்கம் உறங்கு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஓசாங்குக்குச் சொல்ல உனக்கு ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பாதே, குரலில் பேசி அனுப்பு. அவள் கடையில் இருப்பது காலை ஆறிலிருந்து பத்துவரை, இங்குள்ள நேரம். வீட்டுக்குப் போனபின் அனுப்ப வேண்டாம். ஆட்கள் சுற்றி நிற்கும்போதே அது கேட்கட்டும்.

உன் அப்பா,
தியோ