மலர் ஞாயிற்றுக்கு யாரும் வரவில்லை

கசன்லுக்,
திங்கட்கிழமை

அன்பு மகள் நெவேனாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ பாரிசில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் செய்தால் உன் உதவியாளப் பெண்தான் எடுத்து, மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மலர் ஞாயிறு, பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம், உன் பெயர் நாள். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் ஒரு வருடம்கூட நான் அதைக் கொண்டாடாமல் விட்டதில்லை. வாசலில் வில்லோ மரக் கிளை கட்டி, மீன் பொரித்து, பிளம் சாராயத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, அவர்களாகவே வருவார்கள். உன்னை அந்த அழகு சாதனக் கம்பெனியில் பெரிய அதிகாரியாக்கிய வருடம் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோமே. நேற்று ஒருத்தரும் வரவில்லை. மீன் அப்படியே ஆறிக் கிடந்தது. காரணம் உனக்கே தெரியும். இனி உங்கள் க்ரீம்களில் ரோஜா எண்ணெய் கிடையாது, ஆய்வகத்தில் செய்த வாசனைதான் என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, ஊரே பார்த்தது. நம் ஊர் எண்ணெயை வாங்குவதே உன் கம்பெனிதான், இனி இந்தப் பூவை யாருக்குப் பறிப்பது? உன்னைத் தூக்கி வளர்த்த ஸ்தோயன்கா நடுத்தெருவில் என்னை நிறுத்தி, "ஒம் பொண்ணு ஒலகத்துல இருக்கறவங்க மூஞ்சிக்கெல்லாம் க்ரீம் பூசுறா, எங்க மூஞ்சில மட்டும் கரியப் பூசிட்டாளே ரதோஸ்தினா" என்றாள்.

அப்பா இன்று காலை மண்வெட்டியோடு நம் ரோஜாத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். என் மகள் செய்த வேலைக்கு முதலில் என் செடிதான் போகணும் என்கிறார். காலைப் பிடித்துக் கெஞ்சினேன், பூ எடுப்பு வரைக்கும் பொறுங்கள், அவள் மாற்றிவிடுவாள் என்று. அரை மனதோடு திரும்பி வந்து படுத்திருக்கிறார், சாப்பிடவில்லை. மகளே, நீ போட்ட உத்தரவை நீயே மாற்ற முடியாதா? மேலே இருப்பவர்களோடு சண்டை போடு. வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டே படித்து நீ அந்த இடத்துக்கு வந்தவள். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லையே. முடியாதென்றால் இந்தப் பக்கம் வராதே. உன்னைப் பார்த்து ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் தாங்க மாட்டேன்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். குளிரில் கழுத்தை மூடாமல் அலையாதே. வராதே என்று மேலே எழுதிவிட்டேன், அதை நம்பி வராமல் இருந்துவிடாதே.

உன் அம்மா,
ரதோஸ்தினா