மணப்பாட்டில் விட்டுப்போன சோடி

மொட்டைமாடிக் கொடியில் பதினோரு ஈரத்துண்டுகள் தொங்குகின்றன. எல்லாம் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்த சொந்தக்காரர்களுடையவை. மசாஜ் எண்ணெய் வாடை படிக்கட்டு வரைக்கும் வருகிறது. சீசன் வந்துவிட்டது. உலகமே குற்றாலத்துக்குக் குளிக்க வரும். வந்தவர்களுக்கு இட்லி அவித்து நமக்கு மாளாது. சாரலில் நனைய நமக்கு ஏது நேரம்? அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. துண்டுகளைத் திருப்பிப் போடக்கூடக் கை எழவில்லை. தண்ணீர்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்த வாடைக்குப் பயந்துதானே நீ அந்த ஒருநாள் சுற்றுலாவையே ஆரம்பித்தாய். உன்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்களையெல்லாம் கூட்டுச் சேர்த்தாய். "ஊரே இங்கன வருது. நாம ஒரு நாளைக்கு வெளிய போவம்ட்டி. அவியளே பொங்கித் தின்னட்டும்" என்றாய். சீசனில் ஏதாவது ஒரு ஞாயிறு, விடியும் முன்னே வேனில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். முண்டந்துறைக் காட்டுக்கு, பத்மநாபபுரம் அரண்மனைக்கு, தூத்துக்குடி முயல் தீவுக்கு எல்லாம் அப்படித்தான் போனோம். சத்துணவுக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் அடுப்படியில் நிற்கிறவள் நான். எனக்கு அரண்மனையும் தீவும் பெரிதாகப் படவில்லை. வேன் சீட்டில் சாய்ந்து தூங்கக் கிடைத்ததே போதும் என்றிருந்தது. முயல் தீவில் முயல் இருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் பங்குக்கும் சேர்த்து நீதான் பார்த்தாய்.

ஆளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பாய். அதனால் வேனில் தலையை எண்ணக்கூடாது. ஆளுக்கொரு சோடி சேர்த்து வைத்தாய். வண்டி கிளம்பும் முன் முன்சீட்டிலிருந்து திரும்பி, "எவளுக்காவது சோடி இல்லையாட்டி?" என்று ஒரு சத்தம் போடுவாய். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். உனக்குச் சோடி நான்.

மணப்பாட்டில் அந்த முறைதான் நம்மைக் கவிழ்த்தது. கடலோரத்து மேட்டில் இருக்கிற தேவாலயத்தை எல்லாரும் பார்த்துவிட்டு இறங்கிய பிறகும், இன்னொரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாய். திரும்பி வந்து பார்த்தால் வேனைக் காணவில்லை. நாம் பின்சீட்டில் கிடக்கிறோம் என்று நினைத்து, டிரைவர் அண்ணாச்சியே உனக்குப் பதிலாகக் கேட்டிருக்கிறார். சோடி இல்லாதவள் ஒருத்தியும் வண்டியில் இல்லை. விட்டுப்போனது முழுச் சோடி அல்லவா!

நான் பதறினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் போன் வண்டியில் இருந்த பையில் கிடந்தது. நான் என் போனை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"கூப்பிடாதட்டி. உடன்குடியில கருப்பட்டி வாங்க எறங்குவாளுக. அப்பத் தெரிஞ்சு வரட்டும். ஒரு அரைமணி நேரம் இங்கன இருப்போம்."

"சரி" என்றேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாய். பிறகு, "இப்ப எவளும் என்னயத் தேடல. நல்லாருக்குல்லா?" என்றாய். உன்னை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. உன் வீட்டிலும் அன்று ஒன்பது விருந்தாளிகள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். தேவாலயத்துச் சுவருக்குப் பின்னால் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "நான் கூப்பிட்டேன்னு அவகிட்டச் சொல்லாதிய" என்று கேட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. "அதுக்குள்ளயா?" என்றாய். உன் முகம் விழுந்துபோயிற்று. "எவளாவது திரும்பிப் பாத்திருப்பா" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ மணலைத் தட்டிவிட்டு ஏறினாய்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்தக் கதையைத் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாய்! "பாவி மக்க, பத்து நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டாளுக" என்று முடிப்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துப் போவேன். நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள் என்று ஒரு சாக்கு. நீ தூங்குகிறாய் என்று ஒரு சாக்கு. ஐப்பசியில் நீ போய்விட்டாய். சொல்லாததைத் தொண்டையில் வைத்துக்கொண்டே உனக்கு வாய்க்கரிசி போட்டேன்.

போன ஞாயிறு, நம் கூட்டத்துப் பெண்கள் விடாமல் என்னைத் திருச்செந்தூருக்கு இழுத்துப் போனார்கள். உன் சீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பும்போது உடன்குடியில் எல்லாரும் கருப்பட்டி வாங்க இறங்கிவிட, நானும் அண்ணாச்சியும்தான் வண்டியில். மனசு தாங்காமல் சொன்னேன்.

"அண்ணாச்சி, மணப்பாட்டுல நான் போன் போட்டத அவகிட்டச் சொல்லவே இல்ல. இப்படி அவள ஏமாத்திட்டேனே."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவியளுக்குத் தெரியுமேம்மா. அன்னைக்கே எங்கிட்டக் கேட்டாவ. எனக்குப் பொய் சொல்ல வரல. 'சரி அண்ணாச்சி, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அவளுக்குக் கால்வலி'ன்னாவ."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கருப்பட்டிக் கடை வாசலில் போய் நின்று அழுதேன். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று நம் கூட்டத்துப் பெண்களிடம் சொன்னேன்.

அத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். நீ பொறுத்துக்கொண்டதையும் சேர்த்து இப்போது நான்தான் சுமக்கிறேன். என் மேல் பழி வராமல் இருக்க நீயே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாய். அதுகூட உண்மையில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்க வேண்டும் என்கிற அலுப்பு. உனக்கு ஒரு அரைமணி நேரம் தர மனசில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குக் கால் வலிக்கவே இல்லை, ஏட்டி.