பதினோராம் மாடியில் எரித்த பெட்டி

14 மார்ச் 1993

முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் வேலை கிடைத்து மூன்று மாதம். சூடான துவாய்களை மடிக்கும்போது வெளிக்குளிர் மறந்துபோகிறது. என் புருசன் மரியோ போனபிறகு வீட்டில் வானொலியை எனக்குப் பிடித்த சத்தத்தில் வைக்கிறேன். சந்தோசமாகத்தான் இருக்கிறேன்.

2 ஏப்ரல்

குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம். விசாரணைக்கு வரட்டாம். ஏன்? தீவைப்பு வழக்கில் நீதிமன்றம் எனக்குச் சிறை தரவில்லையே. இரண்டு வருடக் கண்காணிப்பு மட்டும்தானே?

5 ஏப்ரல்

லோயர் விளக்கினா. தீவைப்புக்குச் சட்டத்தில் பதினான்கு வருடம்வரை சிறை. எனக்கு என்ன தந்தார்கள் என்பதல்ல, எவ்வளவு தரலாம் என்பதுதான் கணக்காம். நான் பிரஜை இல்லை, நிரந்தர வதிவுரிமை மட்டும். நாடு கடத்தலாம்.

அண்டைக்கு என்ன செய்தனான்? மொன்றியலில் இன்னொருத்தியோட குடும்பம் நடத்திக்கொண்டு, உடுப்புப் பெட்டியை எடுக்க வந்தான் மரியோ. அந்தப் பெட்டியைப் பல்கனியில வைச்சுக் கொளுத்தினன். காத்து நெருப்பைப் பக்கத்துத் தியாகலிங்கம் அங்கிளின்ரை பல்கனிக்குக் கொண்டுபோகுமெண்டு யோசிச்சனா? அவரின்ரை பேத்தி உள்ளுக்கை நித்திரை. ஒண்டும் நடக்கேல்லை. நடந்திருந்தால்?

20 மே

விசாரணை பத்து நிமிடம். நாடுகடத்தும் கட்டளை. மேன்முறையீடு செய்தாயிற்று. மன்னாரில இனி எனக்கு ஆர் இருக்கினம்?

21 மே

வேலைக்குப் போனேன்.

9 செப்ரெம்பர்

லிப்டில் தியாகலிங்கம் அங்கிள். வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். மேன்முறையீடு எப்போது என்று அவராகவே கேட்டார். தானும் வருவதாகச் சொன்னார். எதற்கு என்றேன்.

"கோர்ட்டில நடந்ததைச் சொன்னன். நீ பிறகு வந்து என்ரை பல்கனியை மூண்டு நாள் கழுவிப் பெயின்ற் அடிச்சதை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. அதுவும் நடந்ததுதானே."

23 ஒக்ரோபர்

அங்கிளின் மனைவி சந்திரவதனா அன்ரி பேத்தியை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனா. ஒரு மணித்தியாலம். குழந்தை படம் கீறியது. நான் அடுப்பைக்கூடப் போடவில்லை.

17 நவம்பர்

மேன்முறையீடு. அங்கிள் கோட்டும் ரையுமாக வந்திருந்தார். நான் பக்கத்து வீட்டில் இருப்பது பயமில்லையா என்று அவரைக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் முடிக்குமுன்பே சொன்னார்:

"போன மாசம் பேத்தியை இவவிட்டைத்தான் விட்டிட்டுப் போனனாங்கள்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 ஜனவரி 1994

கட்டளையை மூன்று வருடத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரத்தாகவில்லை. ஒரு குற்றமும் செய்யக்கூடாது, விலாசம் மாறினால் அறிவிக்கவேண்டும். அங்கிள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். அன்ரி சோறு போட்டா.

1 மே

அஜின்கோர்ட் பகுதியில் ஓர் அறை எடுத்துவிட்டேன். வேலைக்கு இங்கிருந்து ஒரே பஸ். புது விலாசத்தைக் குடிவரவு அலுவலகத்துக்கு நானே ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு தரம் வாசித்து, தபாலில் போட்டேன். வந்து தபால்பெட்டியில் என் பெயரை மட்டும் ஒட்டினேன். வேரோனிக்கா. அவ்வளவுதான்.